முகம் கழுவிய கதை

சென்ற மாசி மாதம் என் அக்காள் மகள் சிங்கப்பூரிலிருந்து வந்து, கோச்சடையில் எங்கள் வீட்டில் நான்கு நாள் தங்கிவிட்டுப் போனாள். போகிற அவசரத்தில் குளியலறை அலமாரியில் ஒரு சிறு ஜாடியை மறந்து வைத்துவிட்டாள். வெளிர்பச்சைக் கண்ணாடி, கையில் எடுத்தால் கனக்கிற மூடி. திறந்து பார்த்தேன். உள்ளே வெண்ணெய் மாதிரி ஒரு வஸ்து இறுகிக் கிடந்தது. ரோஜாவையும் நாரத்தை இலையையும் ஒன்றாகக் கசக்கியது போல ஒரு வாசனை. பத்திரமாக மூடி வைத்துவிட்டு டெலிபோனில் கூப்பிட்டேன்.

"அது கிளென்சிங் பாம் மாமா. அனுப்பவெல்லாம் வேண்டாம். நீங்களே போட்டுப் பாருங்க" என்றாள்.

நான் அந்த வார்த்தையைத் திருப்பிச் சொன்னது கூடத்தில் உட்கார்ந்திருந்த என் மாமியாரின் காதில் விழுந்துவிட்டது. "பாமா! ஏரோப்ளேனில் எப்படி விட்டான்?" என்று எழுந்தே விட்டார். வெடிக்கிற பாம் அல்ல, தடவுகிற பாம் என்று விளக்கினேன். "தலைவலிக்கா?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. 1893-இல் பம்பாயில் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் அமிர்தாஞ்சனத்தை ஆரம்பித்தாரே, அன்று முதல் நம் பக்கத்தில் பாம் என்றால் அது நெற்றிக்குத்தான். முகம் முழுவதும் தடவுவதற்கு ஒரு பாம் உண்டு என்பது அவருக்கும் புதிது, எனக்கும் புதிது.

விலையைக் கேட்டேன். நூறு கிராம் ஆறாயிரம் ரூபாய் என்றாள். எங்கள் வீட்டில் ஒரு மாத மளிகைக்கு அந்தத் தொகை போதும். ஜாடியை அன்றிலிருந்து இரண்டு கைகளாலும் எடுக்க ஆரம்பித்தேன்.

அன்றிரவு கதவைத் தாழிட்டுக்கொண்டு பரீட்சையில் இறங்கினேன். பெட்டியில் போட்டிருந்த விதிகள் இவை: முகம் ஈரமாக இருக்கக் கூடாது. கையும் ஈரமாக இருக்கக் கூடாது. ஒரு சுண்டைக்காய் அளவு எடுத்து உள்ளங்கையில் தேய்க்க வேண்டும். தேய்த்ததும் அது உருகி எண்ணெயாகிவிடும். அந்த எண்ணெயை முகத்தில் ஒரு நிமிஷம் வட்டமாகத் தேய்க்க வேண்டும். பிறகு கையை நனைத்துக்கொண்டு மறுபடி தேய்த்தால் எண்ணெய் பாலாக மாறும். பாலைக் கழுவிவிட வேண்டும். அவ்வளவுதான்.

சொன்னபடியே எல்லாம் நடந்தது. வெண்ணெய் எண்ணெயாயிற்று, எண்ணெய் பாலாயிற்று, பால் தண்ணீரோடு போயிற்று. துவாலையால் துடைத்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தேன். நாற்பத்தாறு வயது முகம் நாற்பத்தாறாகவே இருந்தது. ஆனால் தோல் காய்ந்து இழுக்கவில்லை. சோப்புப் போட்டால் வருமே, அந்த வறட்சி இல்லை. கிண்ணத்துத் தண்ணீரைப் பார்த்தபோதுதான் சற்று வெட்கமாக இருந்தது. மேலக்கால் ரோட்டுப் புழுதி முழுவதும் அதில் இருந்தது. அன்று மாலைதான் ஒரு சோப்பு முழுக்கத் தேயும்படி முகம் கழுவியிருந்தேன்!

"சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொன்னால் வேலை இருக்கிறது என்று ஓடுவீர்கள். ஆறாயிரம் ரூபாய் எண்ணெய் என்றால் ராத்திரி பத்து மணிக்குத் தேய்த்துக் குளிக்கிறீர்கள்" என்றாள் என் மனைவி.

அந்த வார்த்தைதான் என்னை இந்தச் சரித்திரத்துக்குள் இழுத்துக்கொண்டு போயிற்று.

எண்ணெய் போட்டு அழுக்கு எடுப்பது என்பது கேட்பதற்கு விபரீதமாகத்தான் இருக்கிறது. ஆனால் விஷயம் எளியது. முகத்து அழுக்கில் பாதி, தோலே கசிகிற எண்ணெய்ப் பசையில் ஒட்டியிருப்பது. பூசிக்கொள்கிற மையும் சாயமும் அப்படித்தான். தண்ணீர் அதன் மேல் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். எண்ணெயோ எண்ணெயோடு கலந்து அதைத் தளர்த்திவிடும். தளர்த்திய எண்ணெயை வெளியேற்றுவதுதான் அடுத்த பாடு. அதற்காகத்தான் நம் வீடுகளில் சீயக்காயும், பயற்றமாவும், அரப்பும் இருந்தன. அரப்பு என்பது உசிலை மரத்து இலையைக் காயவைத்து இடித்த பொடி. மதுரைக்கு மேற்கே இருக்கிற உசிலம்பட்டிக்கு அந்த மரத்தால்தான் பெயர் வந்தது என்பார்கள். தலை தேய்த்துக் குளிக்கிற பொடியின் பெயரில் ஓர் ஊரே இருக்கிற ஜில்லா நம்முடையது.

மேல்நாட்டார் இந்த எண்ணெயை எப்போது கண்டுபிடித்தார்கள்? கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் கேலன் என்று ஒரு பெரிய வைத்தியர் இருந்தார். இன்றைய துருக்கியில் உள்ள பெர்கமம் அவருடைய ஊர். மார்க்கஸ் அரேலியஸ் சக்கரவர்த்திக்கு வைத்தியம் பார்த்தவர். தேன்மெழுகை ஆலிவ் எண்ணெயில் உருக்கி, அதில் பன்னீரைச் சிறிது சிறிதாக விட்டு அடித்துக் கலக்கும் களிம்பு ஒன்று அவர் பெயரால் வழங்கி வருகிறது. பிரெஞ்சுக்காரர்கள் இன்றைக்கும் அதைக் கேலனின் மெழுகுக் களிம்பு என்றே சொல்கிறார்கள். பூசியவுடன் அதிலுள்ள நீர் ஆவியாகி முகம் சில்லென்று ஆகும். அதனால் இங்கிலீஷ்காரர்கள் 'கோல்ட் கிரீம்' என்றார்கள். பிறகு வந்தவர்கள் ஆலிவ் எண்ணெய்க்குப் பதில் பாதாம் எண்ணெய் விட்டார்கள். திமிங்கலத்தின் தலையிலிருந்து எடுத்த மெழுகைச் சேர்த்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெங்காரம் சேர்த்துக் களிம்பு பிரியாமல் கட்டினார்கள். எத்தனை மாற்றினாலும் எண்ணெய், மெழுகு, தண்ணீர் என்ற மூன்றும் மாறவில்லை.

ரோமர் காலத்து முகப்பூச்சு ஒன்று முழுசாகவே அகப்பட்டிருக்கிறது. 2003-இல் லண்டன் மாநகரின் சதர்க் பகுதியில் பழைய ரோமானியக் கோயில் இருந்த இடத்தைத் தோண்டினார்கள். அங்கே வெள்ளீயத்தால் செய்த ஒரு சிறு டப்பா கிடைத்தது. மூடியைத் திறந்தால், உள்ளே வெள்ளையாகக் களிம்பு. அதன் மேல் யாரோ விரலால் வழித்தெடுத்த தடம்! சுமார் ஆயிரத்தெண்ணூறு வருஷத்துக்கு முன்னால் ஒருத்தி அவசரமாக வழித்துவிட்டு மூடியிருக்கிறாள். பிரிஸ்டல் சர்வகலாசாலை விஞ்ஞானிகள் ஆராய்ந்து 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். மிருகக் கொழுப்பு, மாவு, வெள்ளீய ஆக்ஸைடு, இவ்வளவுதான் சரக்கு. அதேபோல் ஒன்றை அவர்களே தயாரித்துத் தோலில் தேய்த்தும் பார்த்தார்கள். முதலில் கொழுகொழுவென்றும், பின்பு மாவுப் பூச்சாகவும் நின்றதாம். வெளுப்புக்காகக் காரீயத்தைப் போடுகிற வழக்கம் இருந்த காலத்தில், கேடு செய்யாத வெள்ளீயத்தைப் போட்டிருக்கிறான் அந்தக் கைகாரன். அவன் பெயர் நமக்குத் தெரியாவிட்டாலும் ஒரு கும்பிடு போடலாம்.

இனி நம் ஊருக்கு வருவோம். கோச்சடையன் ரணதீரன் என்ற எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியனை ஞாபகப்படுத்துகிற ஊர் இது. எனக்கு விவரம் தெரிந்த நாளில் வைகைக் கரையோரம் வயலும் தென்னந்தோப்பும்தான். முத்தையா கோயிலைத் தாண்டினால் மதுரா கோட்ஸ் ஆலை அதிகாரிகளின் க்ளப் ஒன்று இருந்தது. அதன் கட்டடங்களை 1970-களில் இலங்கைச் சிற்பி ஜெஃப்ரி பாவா அமைத்தார். இன்று அது பெரிய ஹோட்டல். வயல்களெல்லாம் வீட்டு மனைகளாகிவிட்டன. ஆறாயிரம் ரூபாய்க் களிம்பு இந்த ஊருக்கு வந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஆனால் வாசனைச் சரக்கு வியாபாரம் மதுரைக்குப் புதிதல்ல. பாண்டியன் நெடுஞ்செழியன் காலத்து மதுரையின் பகல் கடைத்தெருவையும் இரவுக் கடைத்தெருவையும் மாங்குடி மருதனார் 'மதுரைக் காஞ்சி'யில் காட்டுகிறார். பூ விற்கிறவர்களுக்குப் பக்கத்திலேயே வாசனைச் சுண்ணப்பொடி விற்கிறவர்களும் அங்கே நிற்கிறார்கள்.

சிலப்பதிகாரத்தில் இதைவிட விரிவான கணக்கு இருக்கிறது. ஊடல் தீர்ந்து கடற்கரைக்குப் புறப்படும் முன் மாதவி குளிக்கிறாள். பத்து வகைத் துவர், ஐந்து வகை வாசனை, முப்பத்திரண்டு வகை மூலிகை. இத்தனையும் ஊறின தண்ணீர். கடுக்காய், நெல்லி, தான்றி முதலான துவர்ப்புச் சரக்குகள் எவை எவை என்று உரையாசிரியர் அடியார்க்கு நல்லார் ஜாபிதாவே கொடுத்திருக்கிறார். 1892-இல் உ. வே. சாமிநாதையர் அந்த உரையோடு நூலைப் பதிப்பித்ததனால் இந்தச் சங்கதி நமக்குக் கிடைத்தது.

நான் பல தடவை படித்த இடம்தான் அது. இந்த ஜாடி வந்த பிறகு படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. அத்தனை விஸ்தாரமாகக் குளிக்கிறவள் கண்ணகி அல்ல, மாதவி. அவள் மேடை ஏறினவள். பன்னிரண்டு வயதில் அரங்கேறியவள். முகத்தில் பூசுவதும் பூசியதைக் களைவதும் அவளுக்குத் தொழில். ஊரிலே ஓர் இடத்தில் முகம் கழுவும் வித்தை தேர்ந்த கலையாக வளர்ந்திருக்குமானால், அது கூத்து நடந்த இடமாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

அப்படித்தான் இருந்திருக்கிறது. நாம் நடிகர்களின் பூச்சை அரிதாரம் என்கிறோம். அரிதாரம் என்பது உண்மையில் ஒரு மஞ்சள் கல்லின் பெயர். பாஷாணமும் கந்தகமும் கூடிய கல் அது. பொன்னிறம் வேண்டுமென்று அதை இழைத்துப் பூசினார்கள். கதகளிக்காரர்கள் மனயோலை என்ற பெயரில் அதைத் தேங்காயெண்ணெய் விட்டு அரைக்கிறார்கள். நம் நாடகமேடையிலோ கல் போய்விட்டது. பெயர் மட்டும் நின்றுவிட்டது. ராஜபார்ட்டாக வேஷம் கட்டியவன் விடிய விடியப் பாஷாணத்தைச் சுமந்துகொண்டு பாடியிருக்கிறான் என்பதை அந்த ஒரு வார்த்தை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். அங்கே பாஷாணத்துக்குப் பதில் ஈயவெள்ளை. லண்டன் பிரபு வம்சத்தில் பேரழகி என்று பெயர் வாங்கிய கவெண்ட்ரி சீமாட்டி மரியா 1760-இல், முப்பது வயது நிரம்புவதற்குள் இறந்துபோனாள். ஈயவெள்ளைதான் அவளைக் கொண்டுபோயிற்று என்று ஊரே பேசியது. சீமாட்டிகளுக்கு அது ஆசை. நடிகர்களுக்கோ அதுதான் பிழைப்பு. கடைசியில் வழி கண்டுபிடித்தவரும் ஒரு மேடைக்காரரே. பெர்லினில் லுத்விக் லைக்னர் என்ற ஆபரா பாடகர் 1873-இல் ஈயம் இல்லாத, கொழுப்பில் குழைத்த சாயக் குச்சிகளைச் செய்து விற்க ஆரம்பித்தார். கொழுப்பில் குழைத்த சாயம் தண்ணீருக்கு மசியுமா? மசியாது. ஆகவே ஒவ்வொரு நடிகனின் பெட்டியிலும் சாயக் குச்சிக்குப் பக்கத்தில் ஒரு டப்பா கோல்ட் கிரீமும் இடம்பிடித்தது. என் அக்காள் மகளின் ஜாடிக்கு நேர்ப் பாட்டி அந்த டப்பாதான்.

மதுரையில் அந்தப் பாட்டி தேங்காயெண்ணெய்ச் சீசாவாக இருந்தாள். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை ஆரம்பித்தது இந்த மதுரையில்தான். டி.கே.எஸ். சகோதரர்கள் சிறு பிள்ளைகளாக அதில் சேர்ந்தார்கள். சுவாமிகள் 1922-இல் காலமானார். சபைகள் ஒவ்வொன்றாகக் கலைந்தாலும் அவருடைய வள்ளி திருமணமும் பவளக்கொடியும் கோவலனும் கலையவில்லை. ஸ்பெஷல் நாடகம் என்ற பெயரில் கிராமத்துத் திருவிழாக்களில் இன்றும் நடக்கின்றன. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார், ஒத்திகை கிடையாது, மேடையில்தான் சந்திப்பார்கள். இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கி விடிகிற வரையில் நடக்கும். விடிந்ததும் எண்ணெயும் பழந்துணியுமாக ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு முதல் பஸ்ஸைப் பிடிப்பார்கள்.

குடும்பத்துப் பெண்களுக்குக் கடையில் முகப்பூச்சு கிடைத்தது வேறு வழியாக. அமெரிக்காவில் தேரன் பாண்ட் என்பவர் 1846-இல் ஒரு செடியின் சாற்றை மருந்தாக விற்றார். அவர் பெயரில் நடந்த கம்பெனி இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் இரண்டு கிரீம்களைக் கொண்டுவந்தது. ராத்திரி அழுக்கெடுக்கக் கோல்ட் கிரீம். பகலில் பூசிக்கொள்ள, பூசியதும் மறைகிற வேனிஷிங் கிரீம். இரண்டும் சேர்ந்தால்தான் முகம் முகமாக இருக்கும் என்று விளம்பரம் செய்தார்கள். 1920-களில் ருமேனியா ராணி மேரியே அந்த விளம்பரத்தில் தோன்றினாள். ராணி கை வைத்த டப்பாவில் குமாஸ்தா மனைவியும் கை வைக்கலாம் என்பதுதான் அந்த வியாபாரத்தின் சூட்சுமம்.

நம் தேசத்தில் மறைகிற கிரீமுக்கு 'ஸ்நோ' என்று பெயர் ஏற்பட்டது. பம்பாயில் இ. எஸ். பாடன்வாலா 1919-இல் ஆரம்பித்த 'ஆப்கன் ஸ்நோ' ஊர் ஊராகப் போயிற்று. ஆப்கானிஸ்தான் அரசர் அதைப் பார்த்துத் தம் நாட்டுப் பனி மாதிரி இருக்கிறதே என்றதால் அந்தப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். 1952-இல் டாட்டா கம்பெனியார் 'லாக்மே'யை ஆரம்பித்தார்கள். பிரெஞ்சு ஆபரா ஒன்றின் பெயர் அது. நம் லக்ஷ்மிதான் பாரிஸுக்குப் போய் லாக்மேயாகத் திரும்பி வந்தாள்.

ஸ்நோ இங்கே வேரூன்றிய மாதிரி கோல்ட் கிரீம் வேரூன்றவில்லை. வந்ததும்கூட அழுக்கெடுக்க வரவில்லை. மார்கழிப் பனியில் தோல் வெடிக்காமல் இருக்கத்தான் வந்தது. களைகிற வித்தை நம் வீடுகளில் சனிக்கிழமை எண்ணெயாக ஏற்கெனவே இருந்தது. அதனால் நாம் காசு கொடுத்து வாங்கியது எல்லாம் பூசுகிற சரக்கு. அதிலும் வெளுப்பு என்ற ஆசையை வாங்கினோம். 1975-இல் சிவப்பழகு கிரீம் ஒன்று 'ஃபேர் அண்ட் லவ்லி' என்ற பெயரில் வந்தது. பெயரில் இருந்த வெளுப்பை எடுத்துவிட்டு 'க்ளோ அண்ட் லவ்லி' என்று மாற்ற 2020 வரையில் ஆயிற்று. நாற்பத்தைந்து வருஷம், இரண்டு தலைமுறைப் பெண்கள் கண்ணாடி முன்னால் நின்று தங்கள் நிறத்தை ஒரு குற்றம் போல விசாரித்திருக்கிறார்கள்.

அந்த ஆசையைப் பிடித்துக்கொண்டு வந்தது பாதரசம். பெயர் தெரியாத சில வெளுப்புக் களிம்புகளில் பாதரச உப்பு கலந்திருக்கிறது. அது தோலை வெளுக்கச் செய்யும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். 2023-இல் கேரளத்தில் மலப்புறம் ஜில்லாவில் சிறுநீரகம் பழுதான நோயாளிகளைக் கோட்டக்கல் வைத்தியர்கள் விசாரித்தபோது, பலர் இத்தகைய களிம்பைப் பூசி வந்தது தெரிந்தது. அந்த வருஷமே 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்று கேரள மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் கடைகளைச் சோதனை போட்டார்கள். அரிதாரத்துப் பாஷாணம், சீமாட்டியின் ஈயம், இந்தப் பாதரசம்: முகத்துக்காக மனிதர் விஷம் பூசிக்கொள்வது மட்டும் நிற்கவே இல்லை.

பாதரசம் என்றதும் நம் மேற்கு மலையை நினைக்காமல் முடியாது. மேலே சொன்ன பாண்ட் கம்பெனி 1955-இல் வாஸலீன் செய்கிற சீஸ்பரோ கம்பெனியோடு சேர்ந்து சீஸ்பரோ பாண்ட்ஸ் ஆயிற்று. முகக் கிரீமோடு அவர்களுக்குத் தெர்மாமீட்டர் தொழிலும் உண்டு. நியூயார்க் ராஜ்யத்தில் இருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலையை 1980-களின் தொடக்கத்தில் பெயர்த்துக் கொண்டுவந்து கொடைக்கானலில் வைத்தார்கள். பின்னர் கம்பெனி யூனிலீவர் வசமாயிற்று. 2001 மார்ச்சில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி மூட்டை மூட்டையாகக் கொடைக்கானலில் ஒரு பழைய சாமான் கடையில் கிடப்பதை ஊரார் கண்டார்கள். தொழிற்சாலை மூடப்பட்டது. 2003-இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்குத் திரும்பிப் போயிற்று. வேலை செய்தவர்களின் கதை அவ்வளவு சீக்கிரம் முடியவில்லை. 2015-இல் சென்னைப் பெண் சோஃபியா அஷ்ரஃப் பாடிய பாட்டு உலகமெல்லாம் பரவியது. 2016 மார்ச்சில்தான் 591 பழைய தொழிலாளர்களோடு கம்பெனி உடன்பாட்டுக்கு வந்தது. பதினைந்து வருஷம்! உடைந்தது தெர்மாமீட்டர், முகக் கிரீம் அல்ல என்பது உண்மைதான். ஆனால் ராணி கை வைத்த டப்பாவிலிருந்து புறப்பட்ட ஒரு பெயர், எங்கள் வைகைக்குத் தண்ணீர் தருகிற மலைக்காட்டில் போய் இப்படி முடிந்ததைச் சரித்திரம் எழுதுகிறவன் விட்டுவிட முடியாது.

இவ்வளவும் படித்து முடித்த பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. எங்கள் தெருக்கோடியில் ஓர் அம்மாள் இருக்கிறார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. ஒரு காலத்தில் ஸ்பெஷல் நாடகத்தில் வள்ளியாகவும் பவளக்கொடியாகவும் வந்தவர். களைகிற வித்தையில் அவரைவிடத் தேர்ந்தவர் கோச்சடையில் யார்? ஜாடியை எடுத்துக்கொண்டு நானும் என் மனைவியும் போனோம்.

"வாங்க தம்பி. அங்கிட்டு ஏன் நிக்கிறீக, இங்கிட்டு ஒக்காருங்க" என்று பாயை விரித்தார். ஜாடியைக் கையில் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். மோந்து பார்த்தார். புறங்கையில் ஒரு பொட்டுத் தேய்த்தார்.

"கரையுதே" என்றார். பிறகு கேட்டார்: "காதோரம் போகுமா?"

எனக்குப் புரியவில்லை. அவராகவே சொன்னார்.

1980-களில் ஒரு பங்குனி மாதம். மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் வள்ளி திருமணம். மறுநாள் அவருடைய மகளைப் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. தாம் நாடகத்தில் நடிப்பதை மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லவில்லை. இறந்துபோன கணவர் மில் தொழிலாளி. அதை மட்டும் சொல்லியிருந்தார்கள். நடிகையின் மகள் என்றால் பெண் கேட்டு யார் வருவார்கள்? பத்து மணிக்குத்தான் வருவார்கள், அதற்குள் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று நாடகத்துக்குப் போய்விட்டார். முன்பணம் வாங்கியாயிற்று, போகாமல் இருக்க முடியாது.

"வெடிஞ்சு முடிஞ்சுச்சு. பஸ்ஸுல இருட்டுலயே எண்ணெயத் தேச்சுத் துணியால தொடைச்சேன். கண்ணாடி இல்ல. எண்ணெ மட்டும் போட்டாப் போதாது தம்பி, பயத்தமாவு போட்டு அலசணும். தண்ணிக்கு எங்கிட்டுப் போறது? அந்த ஊருல வெள்ளாம வீட்டுப் பொம்பளைக நாடகக்காரிக்குத் தண்ணி மோந்து குடுக்க மாட்டாக. வீட்டுக்கு வந்தா ஏழு மணிக்கே அவுக வந்து ஒக்காந்துருக்காக. நல்ல நேரம் பாத்துட்டாகளாம். கொல்லப்பக்கமாப் போயி முகத்தக் கழுவி, சீலய மாத்திக்கிட்டு, காப்பியக் கொண்டாந்து வச்சேன். மாப்பிள்ளையோட அம்மா என்னையவே பாத்துச்சு. காதுக்குக் கீழ பாத்துச்சு. அங்கன ரோஸ் ஒரு கோடு நின்னுருக்கு. எனக்குத் தெரியல. காப்பியக் குடிக்காமயே எந்திரிச்சுட்டாக."

பிறகு அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணமாகி, திருப்பூரில் பேரன் பேத்தியோடு இருக்கிறாள். ஆனால் அன்றிலிருந்து ஆறு மாதம் தாயோடு பேசவில்லையாம்.

நாங்கள் என்ன சொல்வது? கொஞ்ச நேரம் மூவரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். என் மனைவிதான் எழுந்து, "பெரியம்மா, நீங்க போட்டுப் பாருங்க" என்று ஜாடியைத் திறந்தாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் காட்டினார். என் மனைவி நெற்றியிலும் கன்னத்திலும் வட்டமாகத் தேய்த்தாள். கையை நனைத்து மறுபடியும் தேய்த்தாள். எண்ணெய் பாலாகி வழிந்தது. செம்பில் தண்ணீர் மோந்து ஊற்றினாள்.

நான் முன்பு சொல்ல விட்டுப்போன ஒரு விஷயம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேலனின் களிம்புக்கும் இந்த ஜாடிக்கும் உள்ள வித்தியாசம் இந்தப் பால்தான். எண்ணெயையும் தண்ணீரையும் சமாதானம் செய்து வைக்கிற ஒரு பொருளை உள்ளேயே சேர்த்திருக்கிறார்கள். பயற்றமாவு வேண்டாம், சோப்பு வேண்டாம், அரைச் செம்பு தண்ணீர் போதும். வாசனைக்கும் கண்ணாடிக்கும் சிங்கப்பூர்க் கடை வாடகைக்கும் போக, ஆறாயிரத்தில் நியாயமாகக் கொடுக்கத் தக்க பங்கு அந்த ஒன்றுக்குத்தான். அந்தப் பொருளும் அப்படியொன்றும் அபூர்வமல்ல. பத்தில் ஒரு பங்கு விலைக்கு விற்கிற சாதாரண ஜாடிகளிலும் அது இருக்கிறது. வீட்டில் குழாயும் சோப்பும் நேரமும் உள்ள எனக்கு, தேங்காயெண்ணெயே தாராளமாகப் போதும்.

அந்த அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிறகு காதுக்குக் கீழே தனியாக ஒரு தரம் துடைத்து, முந்தானை நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இன்னொரு காதுக்கும் அப்படியே செய்தார். நாற்பது வருஷமாகிறது அவர் பூச்சுப் பூசி.

"சுத்தமாத்தான் போகுது" என்றார். "வெல என்ன தம்பி?"

குறைத்துச் சொல்லலாமா என்று நினைத்தேன். பிறகு உள்ளதைச் சொன்னேன். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டார்.

"அப்ப எனக்கு ராத்திரிக்கு நூத்தம்பது ரூவா. நாப்பது ராத்திரி ஆடணும்" என்றார். சற்றுப் பொறுத்து, "அன்னைக்கு இது கெடைச்சிருந்தா வாங்கியிருப்பேன்" என்றார்.

ஜாடியை நாங்கள் திருப்பிக் கொண்டுவரவில்லை.